வாசிக்காமல் விட்டது

சாஹிராவின் கையில் முதன்முதலாகக் கிட்டாரைக் கொடுத்தவள் ஜெரூஷா. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. வேறு யாராவது சொல்லமாட்டார்களா என்றுதான் பல வருடங்களாகக் காத்திருந்தாள். சாஹிராவின் பேட்டி எதிலாவது "எப்படி ஆரம்பிச்சீங்க?" என்ற கேள்வி வந்ததும் ஜெரூஷா ஃபோனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோவாள். சாஹிரா ஒவ்வொரு முறையும், "காலேஜ்ல ஒரு ஃப்ரெண்டு கிட்டார் வச்சிருந்தா" என்பாள். ஒரு ஃப்ரெண்டு. பேர் கிடையாது.

காட்டாங்குளத்தூர் கல்லூரியில் இருவரும் ஒரே வகுப்பு. தாம்பரத்திலிருந்து ஒரே மின்சார ரயிலில் போவார்கள். ஜெரூஷா வீடு சேலையூர் பக்கம். அப்பா ஜீவரத்தினம் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் கொயர் மாஸ்டர். மகளுக்குச் சின்ன வயதிலேயே கிட்டார் வாங்கிக் கொடுத்து, லண்டனிலிருந்து நடத்துகிற பரீட்சைகளை ஒவ்வொன்றாக எழுதவைத்தார். அவளும் எல்லாவற்றிலும் முதல் வகுப்பு வாங்கினாள். சாஹிரா வீடு மேற்குத் தாம்பரத்தில், மார்க்கெட்டுக்குப் பின்னால். அவள் அத்தா கரீம் அங்கே மெத்தைக்கும் சோபாவுக்கும் ஸ்பாஞ்ச் விற்கிற கடை வைத்திருந்தார். அந்த வீட்டில் யாரும் எந்த வாத்தியத்தையும் தொட்டதில்லை.

ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் சாஹிரா ஜெரூஷாவின் கிட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பிடிச்சுப் பாரேன்" என்றாள் ஜெரூஷா. சாஹிரா அதைக் கைக்குழந்தையை வாங்குவதுபோல வாங்கினாள். ஜெரூஷாவுக்குச் சிரிப்பு வந்தது. விரல்களை எங்கே வைக்க வேண்டும் என்று எடுத்து வைத்துக் காட்டினாள். அடுத்த வருடம் கல்லூரி பேண்டில் சாஹிரா இரண்டாவது கிட்டார். ஜெரூஷா மேடையின் முன்னால் நின்று பறப்பாள். சாஹிரா பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, பல கம்பிகளைச் சேர்த்து மீட்டுகிற கார்டுகளைப் போட்டுக்கொடுப்பாள். அப்போது அவர்களுக்குள் எந்தப் பிரச்சினையும் இல்லை. ஒருத்திக்கு இன்னொருத்தி போட்டி என்று யாருக்கும் தோன்றக்கூட இல்லை.

அந்த பேண்டில் கீபோர்டு வாசித்தவன் டெனிஸ். ஒரு வருடம் சீனியர். ஜாஸை அவர்களுக்கு அறிமுகப்படுத்தியது அவன்தான். பென் டிரைவ் நிறைய நிறையப் பழைய ரெக்கார்டிங்குகளைக் கொண்டுவருவான். எழுதிவைத்த மெட்டு ஒன்று இருக்கும், அதைச் சொல்லிவிட்டு அவரவர் அந்த இடத்திலேயே தோன்றுவதை வாசிப்பார்கள் என்று விளக்கினான். அவனே ஒரு மெட்டும் போட்டான். ஜெரூஷா அந்த மெட்டின் மேல் வேக வேகமாக ஸ்கேல்களை ஏற்றி இறக்கி எல்லாரையும் அசரவைத்தாள். சாஹிரா முறை வந்தபோது அவள் கொஞ்ச நேரம் ஒன்றுமே வாசிக்கவில்லை. மறந்துவிட்டாள்போல என்று ஜெரூஷா நினைத்தாள். பிறகு ஒரு சுரம். கொஞ்சம் தாமதமாக. பிறகு இன்னொன்று.

டெனிஸ் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டான். அவன் முகத்தை ஜெரூஷா பார்த்தாள். தன் வாசிப்பைக் கேட்டு அவன் கை தட்டியிருக்கிறான், விசில் அடித்திருக்கிறான். இப்படி வாயைத் திறந்துகொண்டு நின்றதில்லை.

சாஹிரா எங்கே பழகுகிறாள் என்று பார்க்க ஒருமுறை ஜெரூஷா அவள் வீட்டுக்குப் போனாள். சுவரும் சுவரும் ஒட்டிய வீடுகள். மாடியில் ஒரு சின்ன அறை. நான்கு சுவர்கள், கூரை, கதவின் பின்பக்கம் எல்லாவற்றிலும் கரீம் கடையில் மிஞ்சிய ஸ்பாஞ்சு துண்டுகளை ஒட்டியிருந்தார். பச்சை, மஞ்சள், ரோஸ் என்று கண்ட கண்ட நிறத்தில்.

"பக்கத்து வூட்டுக்காரரு ஒரே பேஜாரு பண்ணிகினு இருந்தாரும்மா" என்றார் கரீம். "அதான் மொத்தமா அடைச்சுட்டேன். இனிமே உள்ள யாரையாவது வெட்டினாக்கூட வெளிய கேக்காது."

ஜெரூஷா அங்கே உட்கார்ந்து தன் கிட்டாரை வாசித்துப் பார்த்தாள். மணலில் கல் போட்டதுபோல ஒவ்வொரு சுரமும் விழுந்த இடத்திலேயே செத்தது. அவள் பழகுவது சர்ச்சில். உயரமான கூரை. ஒரு கம்பியைத் தொட்டால் பீடத்துக்குப் பின்னால்வரை போய்த் திரும்பி வரும். அங்கே என்ன வாசித்தாலும் நன்றாக இருக்கும்.

"இங்க எப்படிடி வாசிக்கிற?"

"சத்தம் உடனே செத்துப்போயிடுது இல்ல? அதுக்குள்ள அதை ஏதாவது பண்ணணும்" என்றாள் சாஹிரா. கம்பியை மீட்டுகிற பிக் வில்லை இல்லாமல், கட்டைவிரலின் பக்கவாட்டுச் சதையால் கம்பியை மெதுவாகத் தேய்த்தாள். இடது கை விரலை அந்தச் சுரத்தின் மேல் லேசாக ஆட்டிக்கொண்டே இருந்தாள். தூங்கப்போகும் பிள்ளையைத் தட்டிக்கொடுப்பதுபோல. சுரம் சாகாமல் கொஞ்ச நேரம் நின்றது. அது போன பிறகுதான் அடுத்ததைத் தொட்டாள்.

கஷ்டப்படுகிறாள், பாவம், என்று அன்றைக்கு ஜெரூஷா நினைத்தாள்.

படிப்பு முடிந்ததும் இருவருக்கும் நாவலூரில் வேலை கிடைத்தது. சாஹிரா அதிக நாள் தாங்கவில்லை. ஈசிஆரில் ஒரு ஹோட்டலில் மாலை நேரத்தில் ஜாஸ் வாசிக்க ஆள் கேட்கிறார்கள் என்று ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டுப் போனாள். குரோம்பேட்டை ஐசக் டபுள் பேஸ், பல்லாவரம் சிட்டிபாபு டிரம்ஸ். கரீம் கத்தவில்லை. "நீ வேலைய வுட்டதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. கடைக்கு வர்றவன் உன் பொண்ணு இன்னா பண்றான்னு கேட்டா கிட்டாருன்னு சொல்லணும் பாரு, அதுதான் எனக்கு வாயில வர மாட்டேங்குது" என்றாராம்.

சீக்கிரமே திரும்பி வந்துவிடுவாள் என்று ஜெரூஷா அலுவலகத்தில் எல்லாரிடமும் சொன்னாள். சாஹிரா வரவில்லை. ஹோட்டலில் சாப்பிட வந்த ஒருவர் அவளைப் பெங்களூருக்குக் கூப்பிட்டார். பெங்களூரில் கேட்டவர்கள் மும்பைக்குக் கூப்பிட்டார்கள். பிறகு நெதர்லாந்தில் ஒரு விழா. அங்கே வாசித்த வீடியோ பரவியது. தலையில் சாம்பல் நிற முக்காடு, அதன் நுனி கம்பியில் சிக்காமல் தோளில் ஊசி குத்தியிருக்கும். மடியில் பெரிய வயிறு வைத்த பழுப்பு கிட்டார். அவள் வாசிக்கும்போது அந்த ஊர்க்காரர்கள் இருமக்கூட இல்லை. தாம்பரத்திலிருந்து இப்படி ஒரு ஜாஸ் கிட்டார் கலைஞர் என்று பத்திரிகைகள் எழுதின. அவள் தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் வாசிப்பதையும், ஆறு கம்பிக் கார்டை இரண்டே கம்பியில் சொல்லிவிட்டு மிச்சத்தைக் கேட்பவன் காதுக்கே விட்டுவிடுவதையும் பக்கம் பக்கமாக ஆராய்ந்தார்கள்.

இதற்குள் ஜெரூஷா டெனிஸைக் கல்யாணம் செய்துகொண்டாள். டெனிஸ் இசையை விட்டுவிட்டு வங்கியில் சேர்ந்திருந்தான். பெருங்களத்தூரில் புது அபார்ட்மெண்ட். அலுவலகத்தில் டீம் லீட். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கிட்டார். கல்யாண வரவேற்புகளில் கூப்பிட்டால் போவாள். யாரைக் கேட்டாலும் ஜெரூஷா நன்றாக இருக்கிறாள் என்றுதான் சொல்வார்கள்.

அவள் நன்றாக இல்லை. சாஹிராவின் பக்கத்தை இன்ஸ்டாகிராமில் கண்ணில் படாதபடி மறைத்துவைத்தாள். மறைத்துவைத்ததால் தினமும் தானாகவே தேடிப்போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. ஏதோ ஒரு விமான நிலையத்தில் சாஹிராவின் பெட்டி தொலைந்துபோய், அவள் இரவல் கிட்டாரில் வாசிக்க நேர்ந்தது என்று படித்த அன்று காலை முழுக்க ஜெரூஷாவுக்கு மனசு லேசாக இருந்தது. கேன்டீனில் எல்லாரிடமும் சிரித்துப் பேசினாள். இரவல் கிட்டாரில் இன்னும் பிரமாதமாக வாசித்தாள் என்று சாயங்காலம் ஒரு செய்தி வந்தது. அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. "உங்களுக்கு சாஹிரா கரீமைத் தெரியுமாமே?" என்று யாராவது கேட்டால், "தெரியும், லேசா" என்பாள்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. ஒரு சனிக்கிழமை காலை டெனிஸ் தோசை வார்த்துக்கொண்டே ஏதோ முணுமுணுத்தான். கல்லூரியில் அவன் போட்ட அதே மெட்டு. சாஹிரா அதை இன்றைக்கும் கச்சேரிகளில் வாசிக்கிறாள். ஜெரூஷா கொஞ்ச நேரம் கேட்டாள். அவன் முணுமுணுத்தது அவன் போட்டபடி இல்லை. நடுவில் நிறுத்தி, தாமதித்து, பாதிச் சுரங்களை விட்டுவிட்டு, சாஹிரா வாசிப்பதுபோலவே இருந்தது. தன் சொந்த மெட்டையே அவன் அவளிடமிருந்து திருப்பி வாங்கியிருந்தான்.

"அதை நிறுத்துறியா?"

"எதை?" என்றான் டெனிஸ். தான் முணுமுணுத்ததே அவனுக்குத் தெரியவில்லை.

பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை அவள் அதைச் செய்தாள். கம்பெனி பஸ் வண்டலூரைத் தாண்டி நகராமல் நின்றது. ஊருக்குப் போகிற கூட்டம் பெருங்களத்தூரை அடைத்துக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே சூட்கேஸும் குழந்தையுமாக ஜனங்கள் சாலையிலேயே நடந்துகொண்டிருந்தார்கள். ஜெரூஷா ஃபோனை எடுத்தாள். சாஹிராவின் புது வீடியோ. தனியாக வாசித்தது. காமிரா அவள் கைகளை மட்டும் மிக அருகில் காட்டியது. கீழே நூற்றுக்கணக்கில் பாராட்டு. அழுதேன், மயிர்க்கூச்செறிந்தது, தெய்வீகம்.

அவள் புதிதாக ஒரு கணக்கு தொடங்கினாள். செவிச்செல்வன் என்று பேர் வைத்தாள். படத்துக்கு ஒரு ரோஜாப்பூ. அலுவலகத்தில் எப்போதும் இங்கிலீஷிலேயே எழுதுகிறவள், தான் என்று யாரும் சந்தேகப்படக்கூடாது என்று நல்ல தமிழில் எழுதினாள்.

"இவரை எதற்காகக் கொண்டாடுகிறீர்கள் என்று புரியவில்லை. வேகம் இல்லை. கார்டை முழுசாகப் பிடிக்கத் தெரியவில்லை. மேல் சுரங்களுக்குப் போகும்முன் இடது தோளைத் தூக்கிக்கொண்டு தயங்குகிறார். இந்தப் பாட்டில் இவர் வாசித்ததைவிட வாசிக்காமல் விட்டதுதான் அதிகம்."

அனுப்பிவிட்டு ஃபோனைக் கவிழ்த்து மடியில் வைத்தாள். பஸ் வீடு போய்ச் சேருவதற்குள் கீழே பதில்கள் வந்துவிட்டன. திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தாள். முதல் ஆள் திட்டினான். இரண்டாவது ஆள், "மத்ததெல்லாம் தப்பு. ஆனா கடைசி வரி இருக்கே, சாஹிராவைப் பத்தி இதைவிட யாரும் சரியா சொன்னதில்ல" என்று எழுதியிருந்தான். அதற்கு ஏகப்பட்ட லைக். பெங்களூர் விமர்சகர் ஒருவர் அந்த வரியை மொழிபெயர்த்துத் தன் கட்டுரைக்குத் தலைப்பாகப் போட்டார். பெயர் தெரியாத ஒரு தமிழ் ரசிகரின் நுட்பமான வாக்கியம் என்று பாராட்டினார். ஜெரூஷா பயந்துபோய்க் கணக்கை அழித்தாள். வரி அழியவில்லை. அதைப் படம்பிடித்து வைத்திருந்தவர்கள் தங்கள் பக்கங்களில் போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

மழைக்காலம் தொடங்கும்போது சாஹிராவின் ஆல்பம் வந்தது. அலுவலகத்திலிருந்து ஜெரூஷாவைக் காரில் கூட்டிக்கொண்டு வந்த டெனிஸ், சிக்னலில் நின்றபோது ஃபோனை நீட்டினான்.

"ஜெரூ, பேர் பாரேன். எவ்வளவு அழகா வச்சிருக்கா."

'வாசிக்காமல் விட்டது' என்று தமிழ் எழுத்திலேயே போட்டிருந்தது. கறுப்பு அட்டையில் வெள்ளையாக.

"யாரோ ஒரு ரசிகர் எழுதினதாம்" என்றான் டெனிஸ். "எவ்வளவு ஆழ்ந்து கேட்டிருந்தா இப்படிச் சொல்ல வரும்?"

"நல்லா இருக்கு" என்றாள் ஜெரூஷா. சீட் பெல்ட் கழுத்தை அறுப்பதுபோல இருந்தது. தான் எறிந்த கல்லை அவள் எடுத்து மோதிரத்தில் பதித்துக்கொண்டாள். அவளைத் திட்டக்கூடத் தன்னால் முடியவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வாரத்தில் சாஹிராவே கூப்பிட்டாள். பேசிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. நலம் விசாரித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள். காட்டாங்குளத்தூரில், அவர்கள் படித்த இடத்திலேயே, திறந்தவெளி அரங்கில் கச்சேரி.

"டெனிஸோட மெட்டை வாசிக்கப்போறேன். நீ வந்து என்கூட வாசிக்கணும், ஜெரூ."

"நானா? எனக்கு டச்சே விட்டுப்போச்சு."

"பொய் சொல்லாத. நீ தினமும் வாசிப்பேன்னு எனக்குத் தெரியும்."

மாட்டேன் என்று சொல்ல வாய் திறந்தவள், சரி என்றாள். ஃபோனை வைத்த பிறகுதான் காரணம் புரிந்தது. ஒரே மேடை. ஒரே மெட்டு. பக்கத்தில் பக்கத்தில். யாருக்கு வாசிக்கத் தெரியும் என்று ஒருமுறையாவது ஜனங்கள் பார்க்கட்டும்.

அன்றிலிருந்து அலுவலகம் முடிந்ததும் நேராகச் சர்ச்சுக்குப் போய்ப் பழகினாள். விரல் நுனிகள் மறுபடி காய்த்துப்போயின. சிக்கலான ஓட்டங்களை எழுதிவைத்து, மெதுவாக ஆரம்பித்து வேகம் கூட்டினாள். ஒருநாள் ஜீவரத்தினம் கொயர் பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டே கேட்டார்:

"ஆராதனைக்கு இவ்வளவு ஸ்பீடு எதுக்கும்மா? சபை எப்படிக் கூடப் பாடும்?"

"இது ஆராதனைக்கு இல்லப்பா."

"அது முகத்தைப் பார்த்தாலே தெரியுது" என்று சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்த்தார்.

கச்சேரி நாள். மத்தியானம் ஒலிச்சோதனைக்கு ஜெரூஷா மேடை ஏறினாள். சாஹிரா கொஞ்சம் மெலிந்திருந்தாள். கட்டிப்பிடித்தாள். ஐசக் தலையசைத்தார். அவர் பேசுகிற ஆள் இல்லை. சிட்டிபாபு அதற்கும் சேர்த்துப் பேசுகிறவன். ஜெரூஷா தன் பகுதியை ஒருமுறை முழு வேகத்தில் வாசித்ததும் குச்சியைத் தூக்கிப் பிடித்தான்.

"யக்கா, இன்னாக்கா இது? எக்ஸ்பிரஸ் வண்டி கணக்கா போறே! என் கையி கழண்டுக்கும் போலக் கீது."

ஜெரூஷாவுக்குப் பெருமையாக இருந்தது. ஓரக்கண்ணால் பார்த்தாள். சாஹிரா சிரித்துக்கொண்டு கம்பியைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தாள்.

கச்சேரிக்கு முன்னால் மேடைக்குப் பின்னாலிருந்த வகுப்பறையில் இருவரும் தனியாக உட்கார்ந்திருந்தார்கள். வெளியே மாணவர்கள் வந்து நிறையும் சத்தம். சாஹிரா முக்காட்டில் ஊசி குத்திக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்:

"செவிச்செல்வன் எப்படி இருக்காரு?"

ஜெரூஷாவின் கை கிட்டாரின் கழுத்திலேயே நின்றது.

"யாரு?"

"அந்த வீடியோவுல என் கை மட்டும்தான்டி தெரியும். தோள் தெரியாது. மத்ததுலயும் முக்காடு மறைச்சிடும்" என்றாள் சாஹிரா. "மேல போறப்ப நான் தோளைத் தூக்குவேன்னு எழுதினா, என் பக்கத்துல உக்காந்து வாசிச்ச ஆளாத்தான் இருக்கணும். ஐசக் அண்ணனுக்குத் தமிழ் டைப் பண்ண வராது. சிட்டிபாபு அவ்வளவு நல்ல தமிழ் எழுத மாட்டான். டெனிஸ் என்னைத் திட்ட மாட்டான்."

ஜெரூஷா தரையைப் பார்த்தாள். மறுக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு அலுத்துப்போயிற்று.

"எப்பத் தெரியும்?"

"படிச்ச அன்னிக்கே."

"அப்புறம் ஏன் ஆல்பத்துக்கு அதையே பேரா வச்ச?"

"ரெண்டு காரணம்." சாஹிரா ஊசியைக் குத்தி முடித்தாள். "ஒண்ணு, நீ சொன்னது உண்மை. நான் என்ன பண்றேன்னு எனக்கே அப்பதான் புரிஞ்சுது. இன்னொண்ணு, நீ எந்தப் பக்கம் திரும்பினாலும் அது உன் கண்ணுல படணும்னு நெனச்சேன். உனக்கு எரியணும்னு."

"எரிஞ்சுது."

"தெரியும்."

வெளியே யாரோ மைக்கில் தட்டி, "ஹலோ, செக்" என்றார்கள்.

"என் பேரை ஏன் ஒருதடவைகூட சொல்லல?" என்றாள் ஜெரூஷா. குரல் உடைந்தது. அது அவளுக்கே கோபமாக இருந்தது. "ஒரு ஃப்ரெண்டு, ஒரு ஃப்ரெண்டுன்னுட்டு."

"முதல் பேட்டியில சொன்னேன். வெட்டிட்டாங்க. ஏன்டி சொல்லலன்னு நீ ஃபோன் பண்ணிக் கேப்பேன்னு பாத்தேன். நீ பண்ணல. ஃபாரின் போயிட்டு வந்தேன், அப்பவும் பண்ணல. சரி, உனக்கே வேணாம்னா எனக்கு என்னன்னு விட்டுட்டேன்."

"இன்னிக்கு என்னை எதுக்குக் கூப்பிட்ட? எல்லார் முன்னாடியும் அசிங்கப்படுத்தவா?"

சாஹிரா முக்காட்டின் நுனியைத் தடவிச் சரிசெய்தாள். "தெரியலடி" என்றாள். "கொஞ்சம் அதுக்கும்தான்னு நெனைக்கிறேன்."

அவர்களைக் கூப்பிட ஆள் வந்துவிட்டார்.

முதல் பாதி முழுக்க ஜெரூஷா மேடையோரத்தில் நின்று கேட்டாள். ஒவ்வொரு பாட்டிலும் சாஹிரா என்ன செய்கிறாள் என்று அவளுக்குத் தெரிந்தது. எந்த இடத்தில் சுரத்தைத் தொடாமல் விடுகிறாள், எங்கே ஐசக்கின் பேஸுக்கு வழி விட்டு விலகுகிறாள், எல்லாம் தெரிந்தது. அந்தக் கூட்டத்தில் தன்னளவுக்கு யாருக்கும் அது கேட்டிருக்காது. நன்றாகக் கேட்கத் தெரிந்ததே அவளுக்குத் தண்டனையாக இருந்தது.

பிறகு அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். டெனிஸின் மெட்டு தொடங்கியது. முன்வரிசையில் டெனிஸ் உட்கார்ந்திருந்தான். சாஹிரா மெட்டைச் சொல்லிவிட்டு, ஜெரூஷாவைப் பார்த்துத் தலையசைத்தாள்.

ஜெரூஷா பாய்ந்தாள். பழகி வைத்திருந்த ஒவ்வொரு ஓட்டமும் பிசிறில்லாமல் வந்தது. மாணவர்கள் முதலில் கவனித்தார்கள், பிறகு விசில் அடித்தார்கள், பிறகு எழுந்து நின்றார்கள். அந்தச் சத்தம் அவள் முதுகுத்தண்டில் ஏறியது. இன்னும் வேகம் கூட்டினாள். இந்த இடத்துக்காகத்தான் இத்தனை வருடம் என்று நினைத்தாள்.

அப்போது சாஹிரா வாசிப்பதை நிறுத்தினாள்.

ஜெரூஷாவுக்குக் கீழே தாங்கிக்கொண்டிருந்த கார்டுகள் இல்லாமல் போயின. ஐசக் சாஹிராவைப் பார்த்துவிட்டு அவரும் கையை எடுத்தார். சிட்டிபாபு பிரஷ்ஷால் லேசாகத் தாளம் மட்டும் போட்டான். திறந்தவெளி அரங்கில் சுவர் இல்லை, கூரை இல்லை. ஜெரூஷாவின் சுரங்கள் வெளியே போய் ஜிஎஸ்டி ரோட்டு ஹாரன்களோடு கலந்து காணாமல் போயின. ஒன்றும் திரும்பி வரவில்லை. அவள் இன்னொரு ஓட்டத்தை எடுத்தாள். அதற்குப் பின் இன்னொன்று. எழுதி வைத்திருந்ததெல்லாம் தீர்ந்தது. ஏற்கெனவே வாசித்ததையே மறுபடி வாசிக்கிறோம் என்று அவளுக்கே கேட்டது. விரல்கள் ஒரு சுரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றன.

யாரும் அசையவில்லை. அடுத்து என்ன என்று அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. காது மடல் சுட்டது. அவள் அந்த ஒரே சுரத்தை மறுபடி தொட்டாள், மெதுவாக. பிறகு தெரியாமல் பக்கத்துச் சுரத்தைத் தொட்டுவிட்டாள். அது தப்பு. ஆனால் சாஹிரா அந்தத் தப்புக்குக் கீழே இரண்டு கம்பியை வைத்தாள். தப்பு சரியானது. ஜெரூஷா பயந்து பயந்து அடுத்ததைத் தேடினாள். சாஹிரா கூடவே வந்தாள். கொஞ்ச தூரம் அப்படியே போனார்கள். ஒரு இடத்தில் ஜெரூஷாவின் விரல் நழுவியது. கீச்சென்று ஒரு சத்தம். அதையும் தாண்டிப் போனார்கள். மெட்டு திரும்பி வந்தபோது ஜெரூஷாவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. யாருக்கு என்று அவளால் சொல்ல முடியவில்லை.

மேடையை விட்டு இறங்கியதும் சாஹிராவின் முழங்கையைப் பிடித்தாள். "வேணும்னேதானே நிறுத்தின?"

"ஆமா."

"எதுக்கு?"

"மனப்பாடம் தீந்தப்புறம் நீ என்ன வாசிப்பேன்னு கேக்கணும்போல இருந்துது. காலேஜ்லேர்ந்தே."

ஜெரூஷாவுக்கு அவளை அறையலாம்போல இருந்தது. அதே நேரத்தில், சற்று முன் வாசித்த அந்தப் பயந்த பகுதியை இன்னொருமுறை கேட்க முடியுமா, யாராவது பதிவு செய்திருப்பார்களா என்றும் தோன்றியது.

டெனிஸ் வந்தான். "எப்படி?" என்றாள்.

"முதல்ல வாசிச்சது சூப்பர். அப்புறம் நீ நின்ன பாரு, நான் சீட்டை விட்டே எழுந்துட்டேன். அதுக்கப்புறம் வந்தது..." அவன் யோசித்தான். "அதை நான் உன்கிட்ட இதுவரைக்கும் கேட்டதில்ல."

"சாஹிரா?"

"அவ எப்பவும்போலதான்" என்றான். அதைச் சொல்லும்போது அவன் குரல் தணிந்தது. அவனுக்குத் தெரியாமலே தணிந்தது. ஜெரூஷாவுக்குள் பழைய எரிச்சல் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது.

மாணவர்கள் சாஹிராவைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களில் ஒரு பெண் ஜெரூஷாவிடம் வந்தாள். "மேம், செம ஸ்பீடு மேம்" என்றாள். ஜெரூஷா புன்னகைத்து நன்றி சொல்ல ஆரம்பிப்பதற்குள், "ஒரு ஹெல்ப் பண்றீங்களா? சாஹிரா மேம்கூட ஒரு ஃபோட்டோ" என்று ஃபோனை அவள் கையில் திணித்துவிட்டு ஓடினாள்.

ஜெரூஷா எடுத்தாள். திரையைப் பார்த்தபோது அந்தப் பெண் அழகாக விழுந்திருந்தாள். சாஹிரா கண் பாதி மூடி, வாய் கோணி, தூக்கத்தில் எழுப்பிவிட்ட மாதிரி இருந்தாள். அந்தப் பெண் கையை நீட்டினாள். ஜெரூஷா ஃபோனைக் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தாள். இது நாளைக்கே எல்லார் பக்கத்திலும் போகும்.

"இரும்மா" என்றாள். "அவ கண்ணை மூடிட்டா. இன்னொண்ணு எடுக்கறேன்."

அடுத்த சனிக்கிழமை குரோம்பேட்டையில் ஐசக் வீட்டில் வாசிக்கிறோம், வருகிறாயா என்று சாஹிரா கேட்டாள். வந்தால் வேகமாகத்தான் வாசிப்பேன் என்றாள் ஜெரூஷா. வா, பார்க்கலாம் என்றாள் சாஹிரா.

போனாள். முதல் பாட்டிலேயே சண்டை. ஜெரூஷா ஆரம்பித்த வேகத்துக்கு சாஹிரா வரவில்லை. சாஹிராவின் வேகத்துக்கு ஜெரூஷா இறங்கவில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஆளுக்கொரு பாட்டை வாசித்தார்கள். சிட்டிபாபு நடுவில் மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் முழித்தான். பிறகு குச்சிகளைக் கீழே வைத்தான்.

"நீங்க ரெண்டு பேரும் முடிச்சுட்டு சொல்லுங்க. நான் போயி டீ குடிச்சுட்டு வரேன்" என்று எழுந்து போனான்.

"உன்னாலதான்" என்றாள் சாஹிரா.

"என்னாலயா? நீ வேணும்னே இழுக்கிற."

"நீ ஓடுற."

"சரி, நீ ஆரம்பி" என்றாள் ஜெரூஷா. சாஹிரா இடது தோளைத் தூக்கிக்கொண்டு தயங்கினாள். எவ்வளவு நேரம் தயங்குவாள் என்று ஜெரூஷாவுக்குத் தெரியும். அவள் தொடுவதற்கு முன்னால், அந்த இடைவெளியில், ஜெரூஷா முந்திக்கொண்டு நுழைந்தாள்.